கூகை கக்கிய உருண்டைக்குள் என்ன இருக்கிறது

எங்கள் தெருக்கோடியில் ஒரு நெல் மில் இருக்கிறது. மூடி பல வருஷம் ஆகிறது. கூரைத் தகரத்தில் பாதியைக் காற்று கொண்டுபோய்விட்டது. மிச்சம் இருக்கிற பாதிக்குக் கீழே, உத்திரத்தின் மூலையில் ஒரு ஜோடி கூகை குடியிருக்கிறது, ஆந்தையில் ஒரு வகை. இதயம் மாதிரி வெள்ளை முகம், பொன்னிற முதுகு. ராத்திரி எட்டு மணிக்கு மேல் ஒரு கிறீச்சல் போட்டுவிட்டுக் கிளம்பும். தெருவில் பாதிப் பேர் "சாக்குருவி கத்துது" என்று ஜன்னலைச் சாத்துவார்கள். நான் திறந்துவைப்பேன்.

நான் கல்லூரி விலங்கியல் ஆய்வகத்தில் 31 வருஷம் உதவியாளராக இருந்தவள். பாடம் நடத்தியதில்லை. பாட்டில் கழுவியிருக்கிறேன், மெழுகுத் தட்டு ஊற்றியிருக்கிறேன், தவளைகளைக் குளோரோஃபார்ம் ஜாடியில் போட்டிருக்கிறேன். அந்த ஜாடி வேலை மட்டும் கடைசிவரை எனக்குப் பிடிக்கவில்லை. பிறகு பல்கலைக்கழக மானியக் குழு விலங்குகளை அறுப்பதை நிறுத்தச் சொல்லிவிட்டது, நல்லதாகப் போயிற்று. கூகை உருண்டையைப் பிரிப்பதும் ஒருவகை அறுவைதான். ஆனால் அதில் கொல்லும் வேலையைக் கூகையே முடித்து, தின்று, வேண்டாததைக் கக்கியும் வைத்திருக்கும். நமக்கு வேலை பார்ப்பது மட்டும்.

போன கோடை விடுமுறையில் மகள் வீட்டுப் பிள்ளைகள் இரண்டும் வந்திருந்தன. பேத்திக்குப் பத்து வயசு, பேரனுக்கு ஏழு. மூன்றாம் நாளே போனைத் தவிர வேறெதுவும் கண்ணுக்குத் தெரியாமல் சோபாவில் சரிந்துவிட்டார்கள். அப்போதுதான் மில்லுக்குப் போய் ஐந்து உருண்டை பொறுக்கி வந்தேன். அதை எப்படிச் செய்தோம், எங்கே சொதப்பினோம் என்பதெல்லாம் இங்கே இருக்கிறது. உங்கள் ஊரிலும் ஒரு பாழ் மண்டபமோ பழைய கோபுரமோ இல்லாமலா போகும்.

முதலில் அந்த உருண்டை என்ன என்று பார்ப்போம். கூகைக்குப் பல் கிடையாது. சின்ன எலி என்றால் தலையோடு வாலோடு அப்படியே விழுங்கிவிடும். பல பறவைகளுக்குக் கழுத்தடியில் இருக்கிற தீனிப்பை, நெல்லைப் போட்டுவைக்கக் கோழிக்கு இருக்கிறதே அது, ஆந்தை இனத்துக்குக் கிடையாது. இரை நேரே வயிற்றுக்குப் போகிறது. வயிற்றில் முதல் பகுதி செரிமான நீரைச் சுரக்கும். அடுத்த பகுதி தசைப் பை, கோழியில் நாம் கல்லீரலோடு சேர்த்துச் சமைப்போமே அந்தக் கறிக்கல். சதை கரைந்து குடலுக்குப் போய்விடும். மயிர், எலும்பு, பல், நகம், வண்டின் ஓடு ஆகியவை கரையாது. கறிக்கல் அவற்றை அழுத்திப் பிழிந்து ஒரு உருண்டையாக்கும். அது மேலேறி முதல் பகுதியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். அடுத்த வேளை சாப்பாட்டுக்கு முன்னால் அதைக் கக்கியாக வேண்டும். கூகை கழுத்தை நீட்டி, கண்ணை மூடி, வாயைப் பிளந்து ஒரு ஆட்டு ஆட்டும். பார்த்தால் பாவமாக இருக்கும். பொத்தென்று கீழே ஒன்று விழும். நாளுக்கு ஒன்றோ இரண்டோ.

பருந்து, கழுகும் இப்படிக் கக்கும். ஆனால் அவற்றின் வயிற்று அமிலம் கடுமையானது, எலும்பில் பெரும்பகுதியைக் கரைத்துவிடும். ஆந்தையின் அமிலம் அவ்வளவு கடுமையில்லை. அதனால்தான் எலியின் தாடை பல்லோடு முழுசாகக் கிடைக்கிறது.

ஆங்கிலத்தில் பெல்லட் என்பார்கள். பிள்ளைகள் முதல் நாள் 'கக்கல்' என்று சொல்லிச் சிரித்தார்கள், இரண்டாம் நாள் வெறும் 'உருண்டை' ஆகிவிட்டது. நானும் அப்படியே எழுதுகிறேன்.

பொறுக்கப் போவது பெரியவர்கள் வேலை. பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள். பாழடைந்த கட்டிடத்தில் கூகை இருக்கிறது என்றால் எலி இருக்கிறது, எலி இருக்கிறது என்றால் பாம்பும் இருக்கலாம். நான் முழங்கால்வரை ரப்பர் பூட்ஸ், கையில் ஒரு கம்பு, மூக்குக்கு முகக்கவசம், கையுறை என்று போனேன். இடத்துக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போங்கள். "உங்க மில்லில் ஆந்தை எச்சம் பொறுக்கிக்கலாமா" என்று கேட்டால் அவர் ஒருமாதிரி பார்ப்பார், பார்த்துவிட்டுப் போகட்டும்.

பகலில் போனால் கூகை மேலே தூங்கிக்கொண்டிருக்கும். டார்ச் அடித்து அதன் முகத்தைப் பார்க்க ஆசை வரும், அடிக்காதீர்கள். பயந்து வெளியே பறந்தால் காக்கைக் கூட்டம் துரத்தித் துரத்திக் கொத்தும். மேலிருந்து பாம்பு சீறுவதுபோல் விடாமல் சத்தம் வந்தால் அங்கே குஞ்சு இருக்கிறது. அப்படியே திரும்பி வந்து, ஒன்றிரண்டு மாதம் கழித்துப் போங்கள். ஆந்தைகளுக்கு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் காவல் உண்டு. கூட்டையோ முட்டையோ தொடுவது குற்றம். கீழே செத்த பறவை எதுவும் கிடந்தால் அதையும் தொட வேண்டாம்.

சுவரில் சுண்ணாம்பு வழிந்த மாதிரி வெள்ளைக் கோடு தெரிகிற இடத்துக்கு நேர் கீழே தேடுங்கள். புதுசு கறுப்பாக, மினுமினுப்பாக, வார்னிஷ் அடித்த மாதிரி இருக்கும். பழசு சாம்பல் பூத்து உதிரும். நீளம் 4 முதல் 6 சென்டிமீட்டர், கட்டைவிரல் பருமன். அதே இடத்தில் மரநாயின் விட்டையும் கிடக்கும், ஏமாறாதீர்கள். விட்டை முறுக்கிக்கொண்டு நுனி கூராக இருக்கும், நாறும், அதில் பழக்கொட்டை தெரியும், எலும்பு இருந்தாலும் கடித்து நொறுங்கியிருக்கும். கூகை உருண்டைக்கு இரண்டு முனையும் மழுங்கல், கம்பளியை அடித்துச் சேர்த்த மாதிரி அடர்த்தி, காய்ந்த பிறகு நாற்றம் அநேகமாக இருக்காது.

காய்ந்ததை மட்டும் எடுங்கள். தரையைப் பெருக்கவோ கிளறவோ வேண்டாம். பறவை எச்சமும் வௌவால் எச்சமும் தூசியாகப் பறந்து மூச்சில் போனால் நுரையீரலுக்குக் கெடுதல். எடுத்ததைக் காகித உறையில் போட்டு, உறைமேல் தேதியும் இடமும் எழுதுங்கள். பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூசணம் பிடிக்கும். என் முதல் இரண்டு உருண்டைகள் அப்படித்தான் பச்சை பூத்துப் போயின. 31 வருஷ ஆய்வக அனுபவம் என்று பெயர்!

அடுத்தது கிருமி நீக்கம். இந்தப் பத்தியைத் தாண்டிப் போகாதீர்கள். 2001-ல் அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து ஆரம்பப் பள்ளிகளில் ஆந்தை உருண்டை பிரித்த பிள்ளைகளுக்கு சால்மோனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வந்தது. அங்கே சூட்டில் வாட்டிய உருண்டையைக் கடையிலேயே வாங்கலாம். நமக்கு மில் தரைதான் கடை, அதனால் வாட்டுவதும் நம் பொறுப்பு. வெயிலில் காயவைத்தால் போதும் என்று நினைக்காதீர்கள். ஃப்ரீசரில் வைத்தால் உள்ளே இருக்கும் அந்துப்பூச்சிப் புழு சாகும், சால்மோனெல்லா சாகாது.

மகள் வேண்டாமென்று கொடுத்த பழைய ஓடிஜி அடுப்பு ஒன்று மாடியில் கிடந்தது. இனிமேல் அதில் கேக் சுடப்போவதில்லை என்று வீட்டில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு எடுத்தேன். ஒவ்வொரு உருண்டையையும் அலுமினியத் தாளில் இரண்டு சுற்று சுற்றி, 160 டிகிரியில் ஒரு மணி நேரம். 40 நிமிடம் போதும் என்பார்கள், பேரப்பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு அந்த 20 நிமிடம் பெரிசில்லை. ஜன்னலைத் திறந்துவைத்துக்கொள்ளுங்கள், லேசாக மயிர் பொசுங்கும் வாடை வரும். என் மாப்பிள்ளை மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அத்தை, இன்னிக்கு என்ன பலகாரம்?" என்றார்.

அடுப்பு இல்லாதவர்கள் பிரஷர் குக்கரில் செய்யலாம். கல்லூரியில் கருவிகளைக் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் என்பது பெரிய குக்கர்தான். 15 பவுண்டு அழுத்தம், 121 டிகிரி நீராவி, 20 நிமிடம். வீட்டுக் குக்கரும் ஏறக்குறைய அந்த அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. சமையலுக்கு ஒதுக்கிவிட்ட பழைய குக்கராக இருக்கவேண்டும். அடியில் தண்ணீர், நடுவில் தட்டு, தட்டின்மேல் பழைய வேட்டித் துணியில் தளர்வாகக் கட்டிய உருண்டை. முதல் விசில் வந்ததும் தீயைக் குறைத்து 20 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். ஒரு தடவை வாசலில் மீன்காரம்மாவோடு பேசிக்கொண்டு நின்று ஒரு மணி நேரம் விட்டுவிட்டேன். மத்தி மீன் முள் குக்கரில் மசியுமே, அந்தக் கதைதான். பல்லும் தாடையும் தப்பின, விலா எலும்புகள் தொட்டால் மாவு.

இனி பிள்ளைகளைக் கூப்பிடலாம். ஐந்து வயசுக்குக் கீழே இருப்பவர்கள் வேண்டாம், அவர்கள் கை எப்போது வாய்க்குப் போகும் என்று சொல்ல முடியாது. சூட்டில் வாட்டிய பிறகும் கையுறை உண்டு. சாப்பாட்டு மேஜையில் செய்யாதீர்கள், பக்கத்தில் முறுக்கு டப்பாவும் இருக்கக்கூடாது. நாங்கள் பின்கட்டுத் திண்ணையில் செய்தித்தாள் விரித்து உட்கார்ந்தோம். மின்விசிறியை நிறுத்திவிட வேண்டும், ஒரு சுற்று சுற்றினால் சுண்டெலியின் விலா எலும்பெல்லாம் முருங்கை மரத்துக்குப் போய்விடும்.

கருவிக்குச் செலவு செய்ய வேண்டியதில்லை. வீடு கட்டியபோது மிஞ்சிய வெள்ளை டைல்ஸ் துண்டு ஆளுக்கு ஒன்று, அதில் எலும்பு பளிச்சென்று தெரியும். பல்குச்சி ஒரு டப்பா. புருவம் திருத்தும் இடுக்கி இரண்டு, நுனி மழுங்கலாக இருக்கட்டும். ஓவியத்துக்கு வைத்திருக்கும் மெல்லிய பிரஷ். பழைய டீ வடிகட்டி, ஒரு பூதக்கண்ணாடி, முட்டை அட்டை. அந்த அட்டையின் குழிகள்தான் எலும்பு பிரித்துப் போடும் அஞ்சறைப்பெட்டி. சமையலறையிலிருந்து எடுத்த எதுவும் திரும்பச் சமையலறைக்குப் போகக்கூடாது.

பிரிப்பதற்கு முன்னால் உருண்டையை அளக்கச் சொல்லுங்கள். நீளம், அகலம், நிறம், வெளியே நீட்டிக்கொண்டிருப்பது என்ன, எல்லாம் நோட்டில் ஏறட்டும். வேகமாகப் பிய்த்துப்போடத் துடிக்கும் கையை அந்த ஐந்து நிமிடம் கொஞ்சம் நிதானப்படுத்தும்.

பிரிக்க இரண்டு வழி. காய்ந்தபடியே பல்குச்சியால் பிரிக்கலாம், எலும்பு நனையாமல் சுத்தமாக வரும், ஆனால் மயிர்த் தூசி பறக்கும், முகக்கவசம் கட்டாயம். அல்லது வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு பாத்திரம் கழுவும் திரவம் விட்டு ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். கூகை உருண்டையில் மயிர் அடித்துப் பிசைந்ததுபோல் இறுகியிருக்கும் என்பதால் எனக்கு ஊறவைப்பதே பிடிக்கும். ஈரத்தில் மயிர் தானாக நெகிழும், மெல்லிய எலும்பு உடையாது. ஊறிய தண்ணீரை டீ வடிகட்டி வழியாக ஊற்றுங்கள். சின்னப் பற்கள் அதில்தான் சிக்கும். மயிரைக் கரைக்கக் காஸ்டிக் சோடா போடுகிற முறை ஆய்வகத்தில் உண்டு, பிள்ளைகள் இருக்கிற இடத்தில் அந்த டப்பாவே வேண்டாம்.

நடுவில் குத்தாமல் ஒரு ஓரத்திலிருந்து தொடங்கச் சொல்லுங்கள். கம்பளி நூலைப் பிரிக்கிற மாதிரி, சிக்கல் விட்ட பக்கம் போக வேண்டும், சிக்கல் பிடித்த பக்கம் இழுக்கக்கூடாது. மண்டையோடு பெரும்பாலும் மயிருக்குள் பத்திரமாகப் பொதிந்திருக்கும். அதன் கண்குழிக்குள் பல்குச்சியை விட்டு நெம்பினால் கன்னத்து வளைவு எலும்பு உடைந்துவிடும். அது உடைந்தால் ஒரு முக்கியமான அடையாளம் போச்சு.

இங்கே பெரியவர்களுக்கு ஒரு வார்த்தை. கையை மடியில் வைத்துக்கொள்ளுங்கள். வாயையும்தான். முதல் உருண்டையில் நான் செய்த தப்பு அதுதான். ஒரு தாடை வெளியே வந்ததும் "இது எலி" என்று சொல்லிவிட்டேன். பேத்தி "ஓ" என்றாள், தாடையைக் குழியில் போட்டாள், அதோடு முடிந்தது, இரண்டாம் தடவை அதைத் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த உருண்டையிலிருந்து ஒரு சட்டம் போட்டோம்: பல்லை எண்ணி முடிக்கும்வரை யாரும் பெயர் சொல்லக்கூடாது, அம்மாச்சி உட்பட.

அப்புறம் நடந்ததே வேறு. பேரன் பூதக்கண்ணாடியை மூக்கோடு ஒட்டிவைத்துக்கொண்டு, "அம்மாச்சி, இதுக்கு முன்பல்லு மஞ்சளா இருக்கு, தேய்க்கவே இல்ல" என்றான். கொறிக்கும் பிராணிகளின் வெட்டுப்பல்லுக்கு முன்பக்கம் ஆரஞ்சு மஞ்சள்தான் நிறம், எனாமலில் இரும்புச் சத்து இருப்பதால். முன்பக்கம் கடினம், பின்பக்கம் மென்மை. கொறிக்கக் கொறிக்கப் பின்பக்கம் தேய்ந்து உளி மாதிரி கூராகும். ஆயுள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். மேலே ஒரு ஜோடி, கீழே ஒரு ஜோடி. அதற்குப் பின்னால் ஒரு வெற்றிடம், பல்லே இல்லாமல். அப்புறம் பக்கத்துக்கு மூன்று கடைவாய்ப்பல். மொத்தம் 16. இந்தக் கணக்கு சரியாக வந்தால் எலி அல்லது சுண்டெலி.

எந்த எலி என்பது அடுத்த கேள்வி. மண்டையோட்டை அளவுகோலில் வையுங்கள். 2 சென்டிமீட்டரை ஒட்டியோ அதற்குக் குறைவாகவோ இருந்தால் சுண்டெலி வகை. 4 சென்டிமீட்டரைத் தொட்டு, வெட்டுப்பல் அகலமாக இருந்தால் வரப்பில் வளை தோண்டி நெற்கதிரைச் சேர்த்துவைக்கும் கரம்பை எலியாக இருக்கலாம். மேல் வெட்டுப்பல்லின் முன்பக்கத்தில் நீளவாக்கில் ஒரு பள்ளக் கோடு, நகத்தால் கீறிய மாதிரி, தெரிகிறதா? அது வெள்ளெலி. மண்டையோட்டின் அடியில் காதுப்பக்கம் இரண்டு குமிழ் பெரிதாகப் புடைத்திருப்பதும் வெள்ளெலிக்கு அடையாளம். இதற்கு மேல் நுணுக்கமாகப் பிரிக்க வீட்டில் முடியாது, முடியவும் வேண்டாம். குட்டி எலி மண்டையோடு அளவைக் குழப்பும். 'எலி, நடுத்தரம்' என்று எழுதினாலே போதும்.

மூன்றாவது உருண்டைதான் எங்களுக்குப் பண்டிகை. தாடை நீளமாக, மெல்லிசாக இருந்தது. பேத்தி எண்ண ஆரம்பித்தாள். வெற்றிடமே இல்லை, முன்னாலிருந்து பின்னால்வரை வரிசையாக ஊசி ஊசியாகப் பல். மஞ்சளும் இல்லை, வெள்ளை. கீழ்த்தாடையின் முன்பல் மேலே நிமிராமல் முன்னோக்கி நீட்டிக்கொண்டிருந்தது. மண்டையோட்டில் கன்னத்து வளைவு எலும்பும் இல்லை. உடைந்துவிட்டதோ என்று தேடினாள், உடைந்த முனையும் இல்லை. கால் மணி நேரம் யாரும் பேசவில்லை. நான் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், சொல்லாமல் இருப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா.

"எலி மாதிரிதான் இருக்கு, ஆனா எலி இல்ல" என்றாள் கடைசியில்.

அது மூஞ்சூறு. கொறிக்கும் பிராணியே அல்ல, பூச்சி தின்னி. கரப்பான்பூச்சியின் ஓட்டைக் குத்தி உடைக்கத்தான் அந்த ஊசிப் பற்கள். முழு மண்டையோட்டில் பல் 30. அதற்கு இருக்கிற நாற்றத்துக்குப் பூனைகூட கொன்றுபோட்டுவிட்டுத் தின்னாமல் போகும், கூகை அதையெல்லாம் பார்ப்பதில்லை. பேரனுக்கு ஒரு சந்தேகம்: "அப்ப பிள்ளையார் வாகனம் எலியா, மூஞ்சூறா?" எங்கள் தெருக் கோயிலில் இருக்கிற சிலைக்குப் பல் எண்ண முடியாது என்று சொல்லித் தப்பித்தேன்.

பறவை சிக்கினால் உடனே தெரியும், அலகு இருக்கும், மார்பெலும்பின் நடுவில் படகின் அடிப்பகுதி மாதிரி ஒரு தகடு நிமிர்ந்திருக்கும். உருண்டை முழுக்க வண்டு ஓடும் வெட்டுக்கிளிக் காலுமாக, எலும்பு அதிகம் இல்லாமல், அளவில் சின்னதாக இருந்தால் அதைக் கக்கியது கூகையல்ல, புள்ளி ஆந்தையாக இருக்கலாம். பிள்ளைகளுக்கு முதல் தடவை அது ஏமாற்றமாக இருக்கும். பெரிய கூகை உருண்டையிலிருந்து தொடங்குங்கள்.

மண்டையோடு முடிந்ததும் மற்ற எலும்பு. இங்கே பிள்ளைகளின் உடம்பையே அட்டவணையாக வைத்துக்கொள்ளலாம். முக்கோணத் தகடு கிடைத்தால் தோள்பட்டையைத் தொடச் சொல்லுங்கள். ஒரு முனையில் உருண்டைத் தலை உள்ள எலும்பு தொடை, அந்தத் தலை போய்ப் பொருந்துகிற கிண்ணக் குழி இடுப்பெலும்பில் இருக்கும். இரண்டையும் பொருத்திச் சுழற்றிப் பார்த்ததும் பேரன் எழுந்து தன் காலையே சுழற்றிப் பார்த்தான். முழங்காலுக்குக் கீழே நமக்கு இரண்டு எலும்பும் தனித்தனி. எலிக்கு அவை கீழ்ப்பாதியில் ஒட்டி ஒன்றாகிவிட்டிருக்கும், வில்லும் நாணும் மாதிரி. கழுத்தில் முள்ளெலும்பு 7. நமக்கும் 7, ஒட்டகச்சிவிங்கிக்கும் 7. இதை முதலில் சொல்லாதீர்கள். எலியுடையதை எண்ணி முடித்து, "நமக்கு எத்தனை?" என்று அவர்களாகக் கேட்கும்போது சொல்லுங்கள்.

எத்தனை இரை என்று எண்ணுவது ஒரு நல்ல கணக்கு. ஒரு கூகை உருண்டையில் இரண்டு மூன்று பிராணி இருப்பது சாதாரணம். மண்டையோட்டை மட்டும் நம்பக்கூடாது. அது நொறுங்கியோ தொலைந்தோ போயிருக்கலாம். அதனால் கீழ்த்தாடையை இடது வலது என்று பிரியுங்கள். இடது மூன்று, வலது நான்கு என்றால், குறைந்தது நான்கு பிராணி. "ஏழு தாடை இருக்கே, மூணரை எலியா?" என்று கேட்டான் பேரன். அந்த அரை எங்கே போனது என்று யோசிக்கவைத்ததில் ஒரு பகல் போயிற்று. வேறு உருண்டையில் போயிருக்கலாம், மில் தரையில் உதிர்ந்திருக்கலாம், நம் டீ வடிகட்டியிலேயே நழுவியிருக்கலாம்.

எங்கள் ஐந்து உருண்டையில் கிடைத்தவை: எலி 6, சுண்டெலி 4, மூஞ்சூறு 1, ஏதோ ஒரு சின்னப் பறவை 1. எங்கள் டெல்டாவிலேயே, மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் கல்லூரியில், கூகை உருண்டைகளைப் பிரித்து அவற்றின் சாப்பாட்டை ஆராய்ந்திருக்கிறார்கள். அங்கேயும் பெரும்பகுதி எலி இனம்தான். நெல் வயலில் டி வடிவத்தில் குச்சி நட்டுவைக்கிறார்களே, ராத்திரி ஆந்தை வந்து உட்கார்ந்து எலி பிடிக்கட்டும் என்று, அதன் நியாயம் அந்த முட்டை அட்டையில் வரிசையாகக் கிடந்தது. ஜன்னல் சாத்தும் எதிர்வீட்டு அக்காவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் வயலில் போன போகம் எலி வெட்டு. தாடைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, "இதுங்க எல்லாம் நம்ம பக்கத்து எலியா?" என்று கேட்டார்.

எலும்பைச் சுத்தம் செய்ய மருந்துக் கடையில் கிடைக்கும் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு போதும். சின்னக் கிண்ணத்தில் ஊற்றி எலும்பைப் போட்டால் நுரைக்கும், அரை மணி நேரத்தில் வெளுத்துவிடும். ஊற்றுவது பெரியவர் கை. பிளீச்சிங் பவுடர் கரைசலில் போடாதீர்கள், எலும்பு பொடியும். நல்ல தண்ணீரில் அலசி, நிழலில், காற்றில்லாத இடத்தில் காகிதத்தின்மேல் ஒரு நாள் உலர்த்துங்கள். எங்கள் வீட்டில் அந்தக் காகிதத்தை எறும்பு வரிசை ஒன்று பார்வையிட்டுவிட்டுப் போனது. நல்லவேளை, எதையும் தூக்கவில்லை.

அப்புறம் கறுப்புச் சார்ட்டில் ஃபெவிகால் வைத்து ஒட்டி எலும்புக்கூடு செய்யலாம். முழு எலும்புக்கூடு வராது, வரவேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். விரல் எலும்பும் வால் எலும்பும் பாதி கிடைத்தாலே அதிர்ஷ்டம். பேரன் ஒட்டிய எலிக்குத் தொடை மூன்று இருந்தது. பேத்தி திருத்தப் போனாள், நான் தடுத்துவிட்டேன். சாயங்காலம் அவனே வந்து நின்று பார்த்தான், "இதுல ரெண்டு எலி கலந்துடுச்சு" என்று ஒன்றைப் பிய்த்தான்.

வேலை முடிந்ததும் செய்தித்தாளை அப்படியே சுருட்டிக் கையுறையோடு குப்பைக்கு. மயிரை நான் முருங்கை மரத்தடியில் புதைத்தேன், மட்கிவிடும். திண்ணையை ஃபினாயில் போட்டுத் துடைத்து, எல்லாரும் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவி, நகத்துக்கு அடியில் பழைய பல்தூரிகையால் தேய்த்து, அதன்பிறகுதான் காபி. பிள்ளைகள் கழுவுவதைப் பக்கத்தில் நின்று பாருங்கள். "கழுவிட்டேன்" என்ற சொல்லை நம்பாதீர்கள்.

சார்ட்டில் ஒட்டாத மண்டையோடுகளைத் தீப்பெட்டியில் பஞ்சு வைத்துப் போட்டு, மேலே சீட்டு ஒட்டுங்கள். என்ன, எங்கே, எந்தத் தேதி, யார் பிரித்தது. பெயர் தெரியாவிட்டால் கேள்விக்குறி போடலாம். ஆய்வகத்தில் கேள்விக்குறி போட்ட பாட்டில்கள் எத்தனையோ வருஷம் அலமாரியில் இருந்திருக்கின்றன, யாரும் கோபித்துக்கொண்டதில்லை. பேத்தியின் தீப்பெட்டி இப்போது என் மேஜையில் இருக்கிறது. மேலே அவள் கையெழுத்தில்: "மூஞ்சூறு. மில். மே மாதம். பல் 28. இரண்டு காணோம், வடிகட்டியில் தேட வேண்டும்."